மகிழ்ச்சி வகுப்பை நின்றுகொண்டே கேட்டவள் எழுதுவது

மதிப்பிற்குரிய முதலாளி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். மூன்றாவது மாடி காட்டன் சேலை செக்‌ஷனிலிருந்து எழுதுகிறேன். 11 வருடமாக உங்கள் கடையில் வேலை பார்க்கிறேன். பெயர் போடவில்லை. போட்டால் என்ன ஆகும் என்று சூப்பர்வைசரைக் கேட்டால் சொல்வார்.

போன செவ்வாய்க்கிழமை, கடை திறப்பதற்கு முன்னால் எங்களுக்கு மகிழ்ச்சி வகுப்பு ஏற்பாடு செய்திருந்தீர்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பீர்கள், நன்றி. வந்த சார் நன்றாகவே பேசினார். சந்தோஷம் வெளியே இல்லை, உள்ளேதான் இருக்கிறது, நிலைமை மாறட்டும் என்று காத்திருப்பவர்கள் கடைசிவரை காத்துக்கொண்டேதான் இருப்பார்கள் என்றார். ஜெயிலில் இருந்துகொண்டே சந்தோஷமாக இருந்தவர்கள் உண்டு என்றும் சொன்னார். நம் கடைக்கு அந்த உதாரணத்தை எடுத்தது அவர்தான், நாங்கள் இல்லை. ஒன்றரை மணி நேர வகுப்பு. அவருக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தது. நாங்கள் அறுபது பேரும் நின்றுகொண்டே கேட்டோம்.

நடுவில் கண்ணை மூடி, ரொம்பப் பிடித்த இடத்துக்கு மனசாலே போகச் சொன்னார். நான் போனது ராத்திரி பத்தேகால் பஸ்ஸின் ஜன்னலோரச் சீட்டுக்கு. டெப்போவிலிருந்து காலியாக வரும் பஸ் அது. காலை ஒன்பதரைக்கு செக்‌ஷனுக்கு வந்தால், சாப்பாட்டுக்கு விடுகிற அரை மணி போக, மறுபடி உட்காருவது அந்தச் சீட்டில்தான். வெளிப்படையாகச் சொல்லியும் விட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். சார் மட்டும் சிரிக்கவில்லை. “பாருங்கம்மா, நீங்க வெளியே தேடுறீங்க” என்றார்.

இருக்கலாம் ஐயா. உள்ளே ஒன்றும் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு பாட்டி நாற்பது சேலையைப் புரட்டிவிட்டு, முதலில் எடுத்துப்போட்டதையே வாங்கிக்கொண்டு “உன் கைராசிம்மா” என்றால் அன்றைக்கு முழுக்க மனசு நிறைந்திருக்கும். அதை யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த நிறைவு முழங்காலுக்குக் கீழே இறங்குவதில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கெண்டைக்கால் கல்லாகிவிடும். கொலுசு பதிந்து கணுக்காலில் தடம் விழும். நடந்தால்கூடத் தேவலை, கெண்டைக்கால் தசை அசைந்தால்தான் ரத்தம் மேலே ஏறும், நின்ற இடத்திலேயே நின்றால் கீழேயே தேங்கிவிடும் என்றார் டாக்டரம்மா. எனக்கு இடது காலில் நரம்பு நீலமாகப் புடைத்துச் சுருண்டு கிடக்கிறது. யூனிஃபார்ம் சேலை மறைத்துவிடுவதால் யாருக்கும் தெரியாது. மத்தியானம் இரண்டரை முதல் நாலு வரை எங்கள் மாடிக்கு ஈ காக்கா வராது. அப்போதும் நிற்க வேண்டும். அடித்தட்டில் சேலை அடுக்குகிற சாக்கில் இரண்டு நிமிடம் குந்துவோம். போன மாதம் அதுவும் கேமராவில் தெரிந்து, என் சம்பளத்தில் 100 ரூபாய் பிடித்தார்கள். ஷோகேஸ் பொம்மைக்குக்கூட கம்பியில் முட்டுக்கொடுத்துத்தான் நிறுத்தியிருக்கிறீர்கள்.

நாங்கள் கேட்பது கவுண்டருக்கு ஒரு ஸ்டூல். கஸ்டமர் வந்தால் எழுந்துவிடுவோம்.

இது சலுகையும் இல்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைத்தால் உட்காருவதற்கு, எல்லாப் பணியாளருக்கும் இருக்கை வைக்க வேண்டும் என்கிறது அது. உங்களுக்குத் தெரியாததில்லை. தெரிந்ததால்தானே, ஆய்வுக்கு வருகிறார்கள் என்றால் அன்றைக்கு மட்டும் எங்கள் மாடியில் ஸ்டூல் முளைக்கிறது! நமக்கு முன்பே, 2018-இல், கேரளத்தில் சட்டத்தைத் திருத்தினார்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் வருடக்கணக்கில் போராடியதன் பலன் அது. அவர்களிடமும் யாராவது உள்ளே தேடிப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள்.

இப்போது எங்கே பார்த்தாலும் இதே பேச்சாகிவிட்டது. சம்பளம் பற்றாதவர்களுக்கு நன்றி டைரி, தூக்கம் பற்றாதவர்களுக்கு மூச்சுப்பயிற்சி. சரி, சந்தோஷம் வெளியே இல்லையென்றால் ஆடித் தள்ளுபடிக்கு ஊரெல்லாம் பேனர் எதற்கு? ‘புதுச் சேலை, புது சந்தோஷம்’ என்று நம் வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறீர்கள். வாங்குகிறவர்களுக்குச் சந்தோஷத்தைப் பையில் போட்டுக் கொடுக்கிறோம். விற்கிறவர்கள் மட்டும் உள்ளே தேடிக்கொள்ள வேண்டுமா?

மன்னிக்கவும், கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன். உங்கள் உப்பைத் தின்கிறவள், மரியாதைக் குறைவாக நினைத்து எழுதவில்லை.

கவுண்டருக்கு ஒரு ஸ்டூல், அவ்வளவுதான். புதிதாக வாங்கவும் வேண்டாம். ஆய்வு நாளில் வந்துபோகிற ஸ்டூல்கள் லிஃப்டுக்குப் பின்னால் உள்ள குடோனில் அட்டைப்பெட்டிகளுக்கு அடியில் கிடக்கின்றன. எண்ணினேன், 18 இருக்கின்றன. சாவி மேனேஜரிடம் இருக்கிறது. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நாங்களே தூசி தட்டி எடுத்துவந்து போட்டுக்கொள்கிறோம். தீபாவளிக் கூட்டம் ஆரம்பிப்பதற்குள் தயவுசெய்து சொல்லுங்கள் ஐயா.

இப்படிக்கு,
மூன்றாவது மாடிப் பணியாளர்