பேரேரிக் கப்பல்கள்

ஆசிரியருக்கு,

வட அமெரிக்கப் பேரேரிகள் பற்றிய கட்டுரையில், சரக்கைத் தானே இறக்கும் கப்பல்களைக் குறித்து ஒரு வரிகூட இல்லாதது பெருங்குறை. சரக்கறையின் அடிக்கதவுகளைத் திறந்தால் இரும்புத்தாதோ சுண்ணாம்புக்கல்லோ கன்வேயர் பெல்ட்டில் விழுந்து மேலேறி, தளத்திலிருந்து கரைப்பக்கம் திரும்பும் நீண்ட இரும்புக் கை வழியாகக் குவிந்துவிடும். துறைமுகத்தில் கிரேன்கூட வேண்டாம்! எத்தனை அருமையான ஏற்பாடு! இவ்வகையில் பால் ஆர். டிரெகர்தா கப்பலின் நீளம் ஆயிரம் அடிக்கும் மேல்.

1975-இல் சுப்பீரியர் ஏரிப் புயலில் மூழ்கிய எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு கப்பலைக் கட்டுரை நினைவுகூர்ந்தது சரியே. ஆனால் சரக்கைத் தானே இறக்கும் கார்ல் டி. பிராட்லி கப்பலும் 1958 நவம்பர் 18 அன்று மிச்சிகன் ஏரிப் புயலில் இரண்டாக உடைந்து மூழ்கியது. 35 பேரில் 33 பேர் மாண்டனர். பெரும்பாலோர் ரோஜர்ஸ் சிட்டி என்ற ஒரே சிற்றூர்க்காரர்கள். அவர்களைப் பற்றியும் அவசியம் எழுதுங்கள்.

– தங்கள் வாசகர்