செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். பொங்கல் கோலப்போட்டி, சுதந்திர தினக் கொடியேற்றம், மழைக்கு முன் கால்வாய் தூர்வாரியது எல்லாம் நடந்தன. தெருவிளக்கு மனு நிலுவையில் இருக்கிறது.

இந்த ஆண்டின் பெரிய வேலை முதலுதவிப் பயிற்சி. 108க்கு அழைத்தால் வண்டி வரும். ஆனால் இதயம் நின்றவருக்கு அது வந்து சேரும்வரை பக்கத்தில் நிற்பவர்தான் கதி. ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது என்று பயிற்சி தந்த மருத்துவர் சொன்னார். நாமோ சோடா வாங்க ஓடுகிறோம், வலிப்பென்று நினைத்துக் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறோம். எல்லாவற்றையும் விட மோசம், விழுந்தவர் எப்போதாவது ஒருமுறை வாயால் காற்றை இழுப்பதைப் பார்த்து “மூச்சு இருக்கு” என்று சும்மா நிற்பது. அது மூச்சே இல்லையாம்.

அப்படிப்பட்டவருக்கு நெஞ்சின் நடுவில், 5 செ.மீ. ஆழம் குறையாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுக்க மேலே வர விட வேண்டும். இதைப் பழக ஆள் உருவப் பொம்மை ஒன்று இருந்தது; ஆழம் சரியாக இருந்தால் அது ‘டிக்’ என்று சத்தம் கொடுக்கும். ஆண்கள் பலர் முழங்கையை மடக்கிக் குத்தினார்கள், சத்தமே இல்லை. தெருமுனையில் இஸ்திரி போடும் அக்கா கையை மடக்காமல் தோளிலிருந்து பாரத்தை இறக்கினார். முதல் அழுத்தத்திலேயே டிக். அவர் சங்க உறுப்பினர்கூட இல்லை.

உறுப்பினர்கள் எங்கே என்று கேட்காதீர்கள். வாடகைக்கு எடுத்த நாற்காலியில் பாதி காலி. வராதவர்கள்தான் மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் “பொம்மைக்குச் சங்கப் பணமா?” என்று எழுதினார்கள். பொம்மை மருத்துவர் கொண்டுவந்தது. நம் செலவு டீ, மைக், நாற்காலி, அவ்வளவுதான்.

“விபத்தில் அடிபட்டவரைத் தொட்டால் போலீஸ் கேஸ்” என்பவர்களுக்கு ஒரு தகவல். உதவுபவர்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016-லேயே ஒப்புதல் கொடுத்துவிட்டது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவாகவும் அது வந்துவிட்டது. பெயரைச் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

வரவு செலவைப் பொருளாளர் விரிவாக வாசிப்பார். வரவு போன ஆண்டை விடக் குறைவு, செலவு ஏறக்குறைய அதே அளவு; கையிருப்பு பெயருக்கு இருக்கிறது. பயிற்சி தந்த மருத்துவருக்கும், மாடியை விட்டுத்தந்தவருக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு சங்க அலுவலகத்தில், இதயம் நின்றவருக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவி ஒன்று வைக்க ஆசை. நெஞ்சில் ஒட்டினால் இதயத் துடிப்பை அதுவே பார்த்து, அதிர்ச்சி தேவையா என்று குரலில் சொல்லும், படிக்காதவரும் பயன்படுத்தலாம். விலை லட்சத்தை ஒட்டி வரும். சந்தா பாக்கி மொத்தமும் வந்தால் தனியாக வசூலே வேண்டாம். பாக்கிதாரர் பெயர்களை இந்தக் கூட்டத்தில் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை. பட்டியலும் ரசீதுப் புத்தகமும் வாசல் மேசையில் பொருளாளரிடம் இருக்கின்றன.