எட்சி கடைக்கு உங்கள் இணையதளத்தில் வழி வையுங்கள்

குழுவில் உள்ள அக்கா, தங்கைகளுக்கு வணக்கம்.

டெரகோட்டா நகை, மேக்ரமே (கயிற்று முடிச்சு வேலை) என்று அழகாகச் செய்து, கைவினைப் பொருட்களுக்கான இணையச் சந்தையான எட்சியில் (Etsy) கடை வைத்து விற்கிறோம். சொந்த இணையதளத்திலும் படம் போடுகிறோம். வாங்க எங்கே போவது என்பதுதான் அதில் இல்லை. எம்.சி. ரோட்டில் கடை போட்டுவிட்டு ஷட்டரை இறக்கி வைத்த கதை!

வெறும் கடை முகவரியை ஒட்டிவிடாதீர்கள். எட்சியின் ‘ஷேர் அண்ட் சேவ்’ திட்டத்தில் சேர்ந்து, அங்கே கிடைக்கும் உங்கள் தனி லிங்கைத் தளத்தின் முகப்பிலேயே போடுங்கள். அதன் வழியாக வந்து வாங்கும் தகுதியுள்ள ஆர்டர்களில் 4 சதவீதம் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். ஒவ்வொரு விற்பனையிலும் எட்சி பிடிக்கும் பரிவர்த்தனைக் கட்டணமே 6.5 சதவீதம், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தளம் கட்டாமல் டொமைன் (இணையதளப் பெயர்) மட்டும் வாங்கி வைத்திருப்பவர்கள், அதை விற்ற நிறுவனத்தின் பக்கத்தில், வருபவரை வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடும் ‘ஃபார்வர்டிங்’ பகுதியில் அந்தத் தனி லிங்கைக் கொடுத்தால் போதும்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. எட்சியில் விசாரிப்பவரை “என் தளத்தில் வாங்குங்கள், விலை குறைவு” என்று திருப்பி அனுப்பாதீர்கள். அது எட்சிக்குச் சேர வேண்டிய கட்டணத்தை ஏய்ப்பது. கடையையே முடக்கிவிடுவார்கள்.

புரியாதவர்கள் ஞாயிறு மாலை தண்டையார்பேட்டை கூட்டத்துக்கு வாருங்கள். ஓடிபி வரும் போனையும் கொண்டுவாருங்கள். அதை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு வந்தால் வேலை நடக்காது.