சத்து மாத்திரையை டீயில் விழுங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் டீ நல்லதா, காபி நல்லதா என்ற கட்டுரையைப் படித்தேன். டீயில் கேட்டச்சின், காபியில் குளோரோஜெனிக் அமிலம் என்று இரண்டின் புகழையும் கட்டுரையாளர் நன்றாகவே பாடியிருந்தார். மேகமலையில் தேயிலையும் போடி மலையில் காபியும் விளைகிற தேனி மாவட்டத்துக்காரி நான். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஊரில் சண்டைக்கு வருவார்கள். கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில், அவர் தொடாமல் விட்ட ஒன்றைச் சொல்லவே எழுதுகிறேன். ரத்தசோகையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிப் பேருக்கு மேல். அதனால்தான் கர்ப்பிணிகளுக்கு நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்றாக 180 நாளைக்கு இரும்புச்சத்து மாத்திரையை அரசு இலவசமாகத் தருகிறது. ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். வீடு வீடாகப் போகும்போது, "மாத்திரை ஒழுங்கா போடுறியாம்மா?" என்று கேட்டால் சில பெண்கள் பெருமையாகச் சொல்வார்கள்: "டெய்லி போடுறேன் சிஸ்டர். காலைல டீயோட சேத்துப் போட்டுருவேன், அப்பத்தான் மறக்காது." ஒரு நாள்கூடத் தவறியிருக்காது. ரத்தம் மட்டும் ஏறியிருக்காது.

கேட்டச்சின், குளோரோஜெனிக் அமிலம் என்று கட்டுரையாளர் புகழ்ந்த அதே பாலிஃபீனால்கள் (செடிகளில் உள்ள ஒரு வகைப் பொருள்கள்) தான் இதற்குக் காரணம். டீயின் துவர்ப்பும் காபியின் குளோரோஜெனிக் அமிலமும் குடலில் இரும்போடு ஒட்டிக்கொள்கின்றன. அப்படி ஒட்டிய இரும்பை உடம்பால் உறிஞ்ச முடியாது. கறி, மீனில் உள்ள இரும்பு இதற்கு அவ்வளவாக அசைந்து கொடுக்காது. கீரை, பயறு, கேழ்வரகில் உள்ளதும் மாத்திரையில் உள்ளதும்தான் சுலபமாக மாட்டிக்கொள்ளும். நம் வீட்டுப் பெண்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான். (கறிக்குழம்பு வைத்தால் துண்டு யார் தட்டுக்குப் போகிறது என்பது தனிக் கடிதம்.) பால் ஊற்றினால் டீயின் துவர்ப்பு போய்விடுமே என்று கேட்பார்கள். போவது நாக்குக்கு மட்டும்தான். பால் சேர்த்தாலும் இரும்பு தடைபடுவது ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது.

இதில் டீயும் காபியும் ஒரே அளவு குற்றவாளிகள் அல்ல. 1983-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சாப்பாட்டோடு ஒரு கப் காபி குடித்தபோது இரும்பு உறிஞ்சப்படுவது 39 சதவீதம் குறைந்தது. டீ குடித்தபோது 64 சதவீதம். அதே ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காபியால் எந்தக் குறைவும் இல்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்த காபியோ, சாப்பாட்டோடு குடித்த அளவுக்கே தடுத்தது. ஆக, விடியற்காலையில் டிகாக்ஷன் மணம் மூக்கில் ஏற, டம்ளரிலிருந்து டபராவுக்கு ஆற்றி ஆற்றிக் குடிக்கிறோமே, அந்த முதல் காபியால் இரும்புக்குப் பழுதில்லை. இட்லி சாப்பிட்டுக் கை கழுவியதும் "ஒரு காபி" என்கிறோமே, அதுதான் வினை. எனக்கும் டிபன் முடிந்ததும் காபி கேட்கும் வாய்தான். அந்தச் சுகத்தை விட்டுவிடச் சொல்லவில்லை, கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் சாப்பாட்டுக்கு முன்பும் பின்பும் குறைந்தது ஒரு மணி நேரம் டீ, காபியைத் தவிர்க்கத்தான் சொல்கிறது.

இரும்புச்சத்து போதுமான அளவு இருப்பவர்களுக்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லை. அவர்கள் விரும்பியதை விரும்பிய நேரத்தில் குடிக்கட்டும். என் கவலை களையெடுக்கப் போகிற, மில்லுக்குப் போகிற பெண்களைப் பற்றியது. அவர்களில் பலருக்குக் காலைச் சாப்பாடே டீயும் பன்னும்தான். பசியை அமர்த்த டீயைவிட மலிவான மருந்து கிடையாது. அந்த டீயைப் பிடுங்கும் உரிமை யாருக்கும் இல்லை. பதினோரு மணி டீயை பதினோரு மணிக்கே குடிக்கட்டும். மதியச் சாப்பாட்டோடு குடிக்க வேண்டாம், அவ்வளவே. சாப்பாட்டில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்ந்தால் வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுத்துக்கொடுக்கும்.

மாத்திரையை டீயோடு போடுவதற்கு மறதி மட்டும் காரணமில்லை. மாத்திரையின் வாடை குமட்டும். அந்த வாடையை டீ அமுக்கிவிடும். இரவுச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீரில் விழுங்கிப் படுத்துவிட்டால் பலருக்குக் குமட்டல் தெரிவதில்லை. பாலிலும் விழுங்கக் கூடாது. கால்சியம் மாத்திரையையும் இதோடு சேர்க்காமல் வேறு வேளையில் போட வேண்டும்.

மாத்திரை அட்டையில் "டீ, காபி, பாலுடன் விழுங்க வேண்டாம்" என்று தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று சுகாதாரத் துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயிறு இணைப்பில் இதற்கு ஒரு கட்டம் ஒதுக்குங்கள். ஆண்களும் படிக்கிற பக்கமாகப் பார்த்துப் போடுங்கள். பல வீடுகளில் மாத்திரை போடும் நேரத்தில் டீ கேட்பவர்கள் அவர்கள்தான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
தேனி மாவட்டம்.