சந்தூர் தோட்டத்திலிருந்து ஒரு நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

இந்தப் பருவத்தின் கடைசி மாம்பழப் பெட்டியும் நேற்று ராத்திரி கிருஷ்ணகிரியில் வண்டி ஏறிவிட்டது. பழம் விற்கும் எங்கள் வலைத்தளம் மூன்று நாள் திறக்காமல் பட்ட பாடு உங்களுக்கே தெரியும், அதை மறுபடி கிளற வேண்டாம். நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

தர்மபுரியில் கல்லூரி படிக்கும் பெண் ஒருத்தி. பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், அதனால் தங்கச்சி என்றே எழுதுகிறேன். அவள் அப்பாவுக்கு இரண்டு பெட்டி செந்தூரா வேண்டியிருந்தது, பக்கம் திறக்கவில்லை. இன்னொரு திட்டு என்று நினைத்துத்தான் போனை எடுத்தேன். "அண்ணா, முதல் பக்கத்துல இருக்கிற மல்கோவா படம் மட்டும் ஆறு எம்பி. தெரியுமா?" என்றாள். தெரியாது. கேமராவில் எடுத்ததை அப்படியே ஏற்றியிருந்தேன்.

தளத்தை வைத்திருக்கும் கணினி, அதாவது சர்வர், இருப்பதோ அமெரிக்காவில். மலிவாகக் கிடைத்தது, எடுத்தேன். சேலத்தில் ஒருவர் படத்தைத் தட்டினால் அது கடல் தாண்டி வரவேண்டும். ஒரு தடவை போய்வரக் கால் நொடி என்றாலும், ஒரு பக்கத்துக்கு அப்படி எத்தனை நடை! "எல்லாரையும் மரத்தடிக்கே வரச் சொல்றீங்கண்ணா. ஊருக்கு ஊர் மண்டி போடுற மாதிரி அங்கங்க ஒரு சர்வர்ல படத்தோட நகலை வெச்சா பக்கத்துலயே வாங்கிக்குவாங்க. சிடிஎன்னுன்னா அவ்வளவுதான்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மண்டிக்காரர் கமிஷனைத் தவிர்க்கத்தான் இந்தத் தளத்தையே ஆரம்பித்தேன். ஆனால் இந்த மண்டிக்குக் கமிஷன் இல்லை, இந்தச் சேவையைத் தரும் கிளவுட்ஃப்ளேர் கம்பெனியில் இலவசத் திட்டம் ஒன்று இருக்கிறதாம்.

அன்று ராத்திரி ஒன்பதரைக்கு ஆரம்பித்தோம். தளத்தின் பெயரைத் தேடுபவர்களுக்கு வழிகாட்டும் நேம்சர்வரை மாற்ற வேண்டும், அந்தப் பெயரைப் பதிந்த டொமைன் கணக்கின் கடவுச்சொல்லோ என் மச்சானிடம். அவன் தேடி எடுக்கிற வரைக்கும் அவள் போனை வைக்கவில்லை. பின்னால் அவள் அம்மா, "நாளைக்குப் பரீட்சை இல்லையா உனக்கு?" என்று அதட்டியது எனக்கும் கேட்டது. பரீட்சை என்று அவள் என்னிடம் சொல்லவே இல்லை. நான் போனை வைக்கப் போனேன், "நீங்க வெச்சா எனக்குத் தூக்கம் வராதுண்ணா" என்றாள்.

அவள் அழுத்திச் சொன்னது ஒன்று: "படம், எழுத்துரு மாதிரி மாறாததை மட்டும் மண்டியில வைங்க. வேகமா இருக்குன்னு ஆசைப்பட்டு எல்லாத்தையும் சேமிக்கச் சொன்னீங்கன்னா ஒருத்தர் கூடை இன்னொருத்தருக்குத் தெரியும். விலாசம், போன் நம்பர் எல்லாம் வெளியே வந்துரும்." படிகளையெல்லாம் நோட்டில் தமிழில் எழுதிப் படம் பிடித்து அனுப்பினாள். நாலு பக்கம்.

காலை ஐந்தே முக்காலுக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. அதில் 'ஹிட்' (மண்டியில் இருந்த நகலே வந்தது என்று அர்த்தம்) என்றும், ஒரு நீள எண்ணின் கடைசியில் எம்ஏஏ என்றும் இருந்தது. "எம்ஏஏன்னா சென்னை விமான நிலையத்தோட குறி. உங்க மல்கோவா இப்போ மெட்ராஸ்லேர்ந்து வருதுண்ணா" என்று எழுதியிருந்தாள். அப்புறம் பரீட்சைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் விலையை மாற்றியும் பழைய விலைப் படமே காட்டிக்கொண்டிருந்தது. பதறாமல் நோட்டின் மூன்றாம் பக்கத்தைப் பார்த்தேன். பர்ஜ் என்று பட்டன் இருக்கிறது, பழைய சரக்கை மண்டியிலிருந்து கழித்துவிடும். நானே அழுத்தினேன்!

திட்டாமல் காத்திருந்தவர்கள், திட்டிவிட்டு மறுபடியும் வாங்கியவர்கள், கடவுச்சொல்லைக் கண்டுபிடித்த மச்சான், வைக்கோல் பரப்பி ராத்திரி பகலாகப் பெட்டி கட்டிய அக்காமார்கள், காவேரிப்பட்டணத்திலிருந்து ஓடிவந்து போன் எடுத்துப் பேசிய தம்பிகள், எல்லோருக்கும் கும்பிடு.

இனி ஒரு படத்தையும் சுருக்காமல் ஏற்றமாட்டேன். ஏற்றினால் காதைத் திருகுங்கள்.

தங்கச்சி, இரண்டு பெட்டிக்கும் பணம் கட்டியிருக்கிறாய். திருப்பி அனுப்பினேன், நீ மறுபடி அனுப்பிவிட்டாய். சரி, அது கணக்கில் இருக்கட்டும். வீட்டு மரத்து நீலம் இன்னும் பத்து நாளில் பறிப்புக்கு வரும், அது விற்பனைக்கு இல்லை. அம்மாவிடம் சொல்லி வை, வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவேன்.


சந்தூரிலிருந்து உன் அண்ணன்