மைசூர் அரண்மனையைக் காலையில் காட்டுங்கள்: வடசென்னை டூர் பஸ்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

டூர் நடத்தும் அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்கு முன்பே காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டை சுவர்களில் உங்கள் நோட்டீஸ் ஏறிவிடுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது, பிள்ளைகளுக்கும் லீவு. இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் வெளியூர் பார்ப்பது அப்போதுதான். அதற்காக மாதாமாதம் கட்டிய சீட்டுப் பணம்தான் உங்கள் கைக்கு வருகிறது.

நோட்டீஸில் பெரிதாக இருப்பது விளக்கு எரியும் மைசூர் அரண்மனை. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஆயாக்கள் பெயர் கொடுக்கிறார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் பல்பும் முக்கால் மணி நேரம் எரிவது ஞாயிறு, அரசு விடுமுறை, தசரா நாட்களில், இரவு 7 மணிக்கு மேல். உங்கள் பஸ் மைசூரில் நிற்பது சனிக்கிழமை! அப்படியே ஞாயிறு போனாலும் அதே நேரத்தில் பிருந்தாவனப் பூங்காவில் இசை நீரூற்று என்று போட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவே சுமார் 20 கிலோமீட்டர். ஒரே ஆள் இரண்டையும் எப்படிப் பார்ப்பது என்று நோட்டீஸ் எழுதியவரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

விளக்கை விடுங்கள். அரண்மனை காலை 10 மணிக்குத் திறக்கிறது, மாலை 5:30க்கு உள்ளே விடுவதை நிறுத்துகிறார்கள். போன தடைக்காலத்தில் ஒரு பஸ் போய்ச் சேர்ந்தது 4:50க்கு. பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கணும், டிக்கெட் வரிசை, அப்புறம் செருப்பு விடுகிற வரிசை. முட்டிவலிக்காரர்கள் வெறுங்காலோடு வாசலுக்கு வரும்போது 5:20. உள்ளே ஒருவழிப் பாதை, நின்றால் பின்னால் இருக்கிறவர் இடிப்பார். "நடங்க, நடங்க" என்று உங்கள் ஆளே கத்துகிறார். தங்க அம்பாரியைப் பார்த்தவர்களைவிட, அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் பின்னந்தலையைப் பார்த்தவர்களே அதிகம். மாடி ஏற முடியாதவர்களைக் கீழேயே உட்கார வைத்துவிட்டார்கள். தர்பார் மண்டபம் மாடியில்தான் இருக்கிறது. ஏறிப்போன மற்றவர்களும் விசில் சத்தத்தில் திரும்பினார்கள்.

காலையில் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எண்கோணக் கல்யாண மண்டபத்தின் கூரை முழுக்க மயில் போட்ட வண்ணக் கண்ணாடி. மேலிருந்து வெயில் இறங்கினால்தான் அந்த நிறம் நிறமாகத் தெரியும். சாயங்காலம் போனால் அது வெறும் மங்கல் கூரை. சுற்றியிருக்கும் புல்வெளியும் பூச்செடியும் வெயில் ஏறுமுன் நடப்பதற்கு. வளாகத்துக்குள் இருக்கும் கோயில்களுக்கும் காலைதான் சரி, மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். அதனால்தான் கேட்கிறோம்: அரண்மனைக்கு முதலில் போங்கள், 10 மணிக்கே போங்கள்.

எங்கள் ஆட்களுக்கு அந்தக் கட்டடம் அந்நியமானதும் இல்லை. 1897இல் பழைய மர அரண்மனை எரிந்தபின் இதற்கு வரைபடம் போட்டவர் ஹென்றி இர்வின். பாரிமுனையில் தினம் பார்க்கிற ஹைகோர்ட்டின் சிவப்புக் கோபுரங்களிலும் அவர் கை இருக்கிறது. பஸ்ஸில் மைக் இருக்கிறது, நீங்கள் இதைச் சொல்லலாம். மைக்கில் இதுவரை வந்ததெல்லாம் பட்டுக் கடையின் பெயரும் சந்தனக் கடையின் பெயரும். காலை 10 முதல் 1 மணி வரை கடை, அரண்மனைக்கு நாற்பது நிமிடம். எந்த ராஜா போட்ட அட்டவணையோ தெரியவில்லை. கடைக்காரர் தரும் கமிஷனை நாங்கள் தடுக்க வரவில்லை. டீசல் விலை எங்களுக்கும் தெரியும்.

கோபத்தில் எழுதிவிட்டோம், மன்னிக்கவும். கேட்பது ஒரு சின்ன மாற்றம். வெள்ளி இரவு கிளம்புகிற பஸ் இப்போது பெங்களூரைத் தாண்டி மைசூர் போய், திரும்பும் வழியில் பெங்களூரைக் காட்டுகிறது. அதைத் திருப்பிப் போடுங்கள். சனி காலை பெங்களூர். மத்தியானம் 2 மணிக்கே அங்கிருந்து கிளம்பினால் மாலை பிருந்தாவனம், இரவு மைசூரில் தங்கல். ஞாயிறு 9:45க்கு அரண்மனை வாசலில் நில்லுங்கள், இரண்டரை மணி நேரம் விடுங்கள். சாமுண்டி மலையில் மத்தியானம் நடை சாத்தி 3:30க்குத் திறப்பார்கள், அப்போது மலை ஏறினால் போதும். 6:30க்கு விளக்கு பார்க்க மறுபடி அரண்மனை, 8 மணிக்கு பஸ் எடுத்தால் திங்கள் காலை கல்மண்டபத்தில் இறக்கிவிடலாம். மாடி ஏற முடியாதவர்கள் யார் என்று பெயர் எழுதும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், அவர்களோடு ஒரு ஆளை விடுங்கள்.

அடுத்த நோட்டீஸில் "அரண்மனை: ஞாயிறு காலை 10 மணி" என்று அச்சடிக்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறோம். பட்டுக் கடைக்குச் சனிக்கிழமை இரவு போகலாம், சாப்பாட்டுக்கு முன்பு.

இப்படிக்கு,
சீட்டுக் கட்டும் ராயபுரம், காசிமேடு குடும்பங்கள்