‘சில’ கடிதங்களா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஹாங்க் ஆரன் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். பேஸ்பால் ஆட்டக்காரர் ஒருவருக்குத் தமிழில் நான்கு பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. அலபாமா மாநிலத்து மோபைலில் கப்பல் கட்டும் பட்டறைத் தொழிலாளியின் மகனாக 1934-ல் பிறந்தது, சோடா மூடிகளைக் குச்சியால் அடித்துப் பழகியது, வலது கை ஆட்டக்காரராக இருந்தும் இடது கையை மேலே வைத்து மட்டையைத் தப்பும் தவறுமாகப் பிடித்தது, இதெல்லாம் சுவையாகவே இருந்தன. ஆனால் ஒரு வரி மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றுவிட்டது: ‘சாதனையை நெருங்கிய நாட்களில் அவருக்குச் சில மிரட்டல் கடிதங்களும் வந்தன.’

சிலவா?

நான் ரயில்வே தபால் பிரிவான ஆர்.எம்.எஸ்.ஸில் முப்பத்து நான்கு வருடம் கடிதம் பிரித்தவன். (உறையைப் பிரித்தவன் அல்ல, ஊர்வாரியாகப் பிரித்தவன்.) கடிதக் கணக்கில் கொஞ்சம் கறாராகத்தான் இருப்பேன். 1973-ல் மட்டும் ஆரனுக்கு வந்த கடிதங்கள் ஏறத்தாழ 9,30,000. அரசியலில் இல்லாத ஒருவருக்கு இவ்வளவு தபாலா என்று அமெரிக்க அஞ்சல் துறையே அவருக்கு ஒரு நினைவுப் பலகை கொடுத்தது. ஞாயிறையும் சேர்த்து வகுத்தாலும் நாளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு தாண்டுகிறது. பொங்கல் வாழ்த்து சீசனில் விடிய விடிய நின்று கால் வீங்கிய எங்களைக் கேட்டால் தெரியும், ஒரே விலாசத்துக்கு அது எத்தனை மூட்டை என்று.

அத்தனையும் வசவு என்று சொல்லவில்லை. வசவு வருகிற சேதி பத்திரிகைகளில் வந்த பிறகு, தைரியம் சொல்லி எழுதியவர்கள்தான் குவிந்தார்கள். ஆனால் முந்திக்கொண்டு வந்தவை வேறு மாதிரி. பழைய வெள்ளைக்கார நட்சத்திரம் பேப் ரூத்தின் 714 ஹோம் ரன்களை (பந்தை வேலிக்கு அப்பால் அடித்து, தளங்களை முழுச் சுற்று ஓடி வருவது) ஒரு கறுப்பர் தாண்டுவதா, தாண்டினால் சுடுவோம் என்ற ரகம். நாஷ்வில்லில் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மகளைக் கடத்துவதாகவும் மிரட்டல். இத்தனைக்கும் ரூத்தின் மனைவி கிளேரே இந்த வெறியைக் கண்டித்தார். தன் கணவர் உயிரோடு இருந்தால் ஆரனுக்குத்தான் கைதட்டியிருப்பார் என்றார்.

எங்கள் செக்‌ஷனில் ஒரு ராத்திரி என் கைக்கு ஒரு கார்டு வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. கார்டு என்பதால் படிக்காமல் இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். யாரோ ஒரு வாத்தியாரை, அவர் பிறந்த சாதியைச் சொல்லி நாலு வரி. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். பிறகு அந்த ஊருக்கான அறையில் போட்டேன். போடாமல் இருக்க எனக்கு அதிகாரம் கிடையாது. ஆரன் ஆடிய பிரேவ்ஸ் அணியின் ஊரான அட்லாண்டாவில் அந்த ஒரு வருடம் என்னைப் போல் எத்தனை பேர் போட்டிருப்பார்கள் என்பதுதான் உங்கள் கட்டுரையைப் படித்ததும் முதலில் தோன்றியது.

தட்டு உடைந்த கதையை ஏன் விட்டுவிட்டீர்கள் என்றும் புரியவில்லை. 1952-ல், பதினெட்டு வயதில், இண்டியானாபோலிஸ் க்ளௌன்ஸ் என்ற கறுப்பர் அணியோடு ஆரன் வாஷிங்டன் போகிறார். மைதானத்துக்குப் பின்னால் ஓர் உணவகத்தில் காலைச் சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும் சமையலறையில் தட்டுகள் உடைகிற சத்தம். இவர்கள் சாப்பிட்ட தட்டுகள். நாய் தின்ற தட்டாக இருந்திருந்தால் கழுவி வைத்திருப்பார்கள் என்று பின்னாளில் அவரே எழுதினார். இரட்டைக் குவளைக் கடையில் டீ குடித்து வளர்ந்த வாசகர்கள் உங்களுக்கு நிறையப் பேர் உண்டு, விளக்கவுரையே தேவைப்பட்டிருக்காது.

1973 சீசன் 713-ல் நின்றுபோனது. அடுத்த சீசனைப் பார்க்க உயிரோடு இருப்போமா என்ற பயத்தோடுதான் அந்தக் குளிர்காலத்தைக் கழித்தார். 1974 ஏப்ரல் 4 அன்று சின்சினாட்டியில் ரூத்தைத் தொட்டார். ஏப்ரல் 8, அட்லாண்டாவில் 53,775 பேர் முன்னால், ஆல் டௌனிங் வீசிய பந்தில் 715. அவர் தளங்களைச் சுற்றி ஓடும்போது பதினேழு வயதுப் பையன்கள் இரண்டு பேர் வேலி தாண்டிக் குதித்து, பின்னாலேயே வந்து முதுகில் தட்டுகிறார்கள். படத்தில் பார்க்கக் கொண்டாட்டமாகத்தான் இருக்கும். கூட்டத்தில் ஆரனின் மெய்க்காப்பாளரான போலீஸ்காரர் கால்வின் வார்ட்லா உட்கார்ந்திருந்தார்; அவருடைய பைனாகுலர் உறைக்குள் துப்பாக்கி. எடுப்பதா வேண்டாமா? எடுக்கவில்லை. அதனால்தான் அது கொண்டாட்டப் படமாக நின்றது. அம்மா எஸ்டெல்லா வந்து மகனை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அம்மாவுக்கு இவ்வளவு பலம் என்று அதுவரை தெரியாது என்று ஆரன் சொல்லியிருக்கிறார். மைக்கில் அவர் சொன்னதில் வெற்றிக் களிப்பே இல்லை: கடவுளுக்கு நன்றி, முடிந்தது.

இன்னும் இரண்டு திருத்தங்கள். 755 ஹோம் ரன்களையும் பிரேவ்ஸ் அணிக்கே அடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். கடைசி 22, 1975-லும் 76-லும் மில்வாக்கி ப்ரூவர்ஸுக்காக அடித்தவை. அடுத்தது, தலைப்பில் போட்ட ‘சிக்ஸர் மன்னன்’. 23 சீசனில் ஒரு தடவைகூட அவர் ஐம்பது ஹோம் ரன் எட்டியதில்லை, அதிகபட்சம் 47. ஆனால் பந்தை அடித்துத் தளத்தைப் பிடித்த கணக்கு 3,771. அதில் ஹோம் ரன் அத்தனையையும் கழித்தாலும் 3,016 மிஞ்சும். மூவாயிரத்தைத் தொட்டாலே அந்த ஆட்டத்தில் பெரிய ஆள். மூட்டை மூட்டையாக அல்ல, தினப்படி சேர்த்தவர் அவர்.

அந்த வசவுக் கடிதங்களை ஆரன் எரித்துவிடவில்லை. மறந்துவிடக் கூடாதென்று வீட்டுப் பரணில் வைத்திருந்தார். 2021 ஜனவரியில், 86 வயதில் காலமானார்.

அடுத்த இதழில் திருத்தம் போட ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் என்றால், ‘சில’ என்பதை மட்டும் மாற்றிவிடுங்கள். சிக்ஸர் மன்னன் இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆர்.எம்.எஸ். ஊழியர்,
திருச்சி